'லாண்ட்ஸ்கேப்' என்னும் சொல்லின் சமூகப் பொருள்: கொழும்பு நகரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

கலைச்சொல்லாக்கம் பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் சொல்லின் வேர், ஓசை, எளிமை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொல் எத்தகைய சமூக உறவிலிருந்து பிறந்தது, யாருடைய பார்வையைத் தன்னுள் கொண்டுள்ளது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு விளங்கிக்கொள்ள முடியாத ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'லாண்ட்ஸ்கேப்'.

ஓவிய விமரிசகர் இதனை 'நிலக்காட்சி' என்பர். நமது புவியியல் நூல்களில் 'நிலத்தோற்றம்', 'தரைத்தோற்றம்' ஆகிய சொற்கள் வழங்குகின்றன. சுற்றுலாப் பிரசுரங்களுக்கு அது 'இயற்கைக்காட்சி'. அண்மைக்காலப் பத்திரிகை மொழியிலோ 'நிலப்பரப்பு' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவாகி, 'அரசியல் நிலப்பரப்பு', 'ஊடக நிலப்பரப்பு' என்றெல்லாம் எழுதப்படுகிறது. தாளை அகலவாட்டில் வைத்து அச்சிடுவதற்கும் கணினி இச்சொல்லையே கையாளுகிறது. இதனோடு உறவுடைய 'சீனரி', 'வியூ' ஆகியனவும் நகர்ப்புறத் தமிழரின் பேச்சில் மொழிபெயர்ப்பு வேண்டாத சொற்களாகிவிட்டன. இத்தனை வழக்குகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் அவற்றிடையே பொதுவாக நிற்பது நிலம் அன்று, சட்டகமே என்பது புலனாகும். ஏதோ ஒன்று சட்டமிடப்படுகிறது. சட்டத்துக்கு வெளியே ஒருவர் நின்று அதனைப் பார்க்கிறார்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முனைவது இதுதான்: லாண்ட்ஸ்கேப் என்பது நிலத்துக்கும் அதனைப் பார்த்து நிற்பவருக்கும் இடையேயுள்ள உறவின் பெயர். நிற்குமிடமும், அங்கு நிற்பதற்கான உரிமையும் அவ்வுறவினுள் மறைந்து கிடக்கின்றன. கொழும்பு நகரின் இரு தமிழர் வாழ்புலங்களான வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம். இவ்விரு பகுதிகளும் சொல்லின் வரலாற்றோடு நேர்த் தொடர்புடையவை என்பது பின்னர் தெளிவாகும்.

2

லாண்ட்ஸ்கேப் ஆங்கிலத்துக்கு ஒல்லாந்த மொழியிலிருந்து வந்த சொல். 'லாண்ட்ஸ்காப்' என்ற ஒல்லாந்தச் சொல் முதலில் ஒரு பிரதேசத்தையும் அங்கு கூடி வாழும் மக்களின் ஆட்சி எல்லையையும் குறித்தது. பின்னர் ஓவியர்களின் தொழிற்சொல்லாக மாறிற்று. 1600ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலம் அதனைக் கடன்பெற்றபோது பெற்றது இரண்டாவது பொருளை மட்டுமே. எனவே ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் படத்தைக் குறித்தது. படத்தைப் போலத் தோன்றும் நிலத்தைப் பின்னரே குறித்தது. மக்கள் கூட்டத்தின் பெயராயிருந்த ஒன்று மொழி மாறும்போது மக்களை விட்டுவிட்டுப் பயணம் செய்தது எனலாம்.

இச்சொல்லைத் தந்த ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றி, 1796 வரை ஆண்டனர். அவர்கள் கோட்டைக்கு வெளியே வடகிழக்கில் இரு இடங்களுக்கு இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஒன்று வுல்வெண்டால், அதாவது 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு'. ஓநாயே இல்லாத இத்தீவில் இப்பெயர் இடப்பட்டது. இங்கு திரிந்தவை நரிகளே. 1749இல் தொடங்கி 1757இல் நிறைவுற்ற ஒல்லாந்தத் தேவாலயம் இப்பெயரையே தாங்கி மேட்டின்மீது நிற்கிறது. மற்றையது புளூமெண்டால், அதாவது 'பூக்களின் பள்ளத்தாக்கு'. ஒல்லாந்திலும் ஹார்லெம் நகரையடுத்து இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. தம் தாயகத்தின் ஓவியங்களிற் கண்ட பள்ளத்தாக்குகளை இத்தீவின்மீது எழுதிப் பார்த்த செயலாகவே இப்பெயரீட்டை நாம் கொள்கிறோம்.

இவற்றோடு உள்ளூர்ப் பெயர்களை ஒப்பிடுக. கொட்டாஞ்சேனை என்னும் பெயரின் ஈறு 'சேனை'. சிங்கள வழக்கில் இது 'ஹேன'. இரண்டும் காடு வெட்டி எரித்துச் செய்யும் பயிர்ச்செய்கையைக் குறிப்பன. வெள்ளவத்தை என்பதோ சிங்களத்தில் 'மணல்' என்ற சொல்லும் 'தோட்டம்' என்ற சொல்லும் சேர்ந்த பெயர். தமிழ் ஒலிப்பில் முதற்பகுதி வெள்ளத்தையோ வெண்மையையோ நினைவூட்டினும் பெயரின் உட்பொருள் மணற்றோட்டமே. ஒரு பெயர் சேனை செய்தவனையும் மற்றையது தோட்டம் வைத்தவனையும் நினைவில் வைத்திருக்கிறது. நிலத்தில் என்ன செய்யப்பட்டது என்பதை உள்ளூர்ப் பெயர்கள் கூறுகின்றன. நிலம் எவ்வாறு தோன்றியது என்பதை ஒல்லாந்தப் பெயர்கள் கூறுகின்றன. உழைப்பின் பெயருக்கும் காட்சியின் பெயருக்குமிடையிலான இவ்வேறுபாடு நமது ஆய்வுக்கு அடிப்படையானது.

ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்து தமிழ் பெற்ற சொற்களுள் 'லாண்ட்ஸ்காப்' இல்லை என்பதும் கவனத்துக்குரியது. கந்தோர், கக்கூசு, அப்புக்காத்து என்பன வந்தன. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவுபடுத்திய 'தோம்பு' நிலைபெற்றது. காணியையும் உரிமையாளரையும் மரங்களையும் கடமைகளையும் பதிவுசெய்த ஏடு தோம்பு. ஆள்வோர் தம் வீட்டுச் சுவரில் நிலக்காட்சியை மாட்டிய அதே காலத்தில், ஆளப்பட்டோரின் நிலம் தோம்பில் ஏறிற்று. ஒரே நிலம் ஒரு தாளில் அழகாகவும் மறு தாளில் வரியாகவும் எழுதப்பட்டது. இவ்விரு தாள்களையும் ஒருசேர வாசிக்காத அழகியல் முழுமையுடையதாகாது.

3

ஆயினும் ஒல்லாந்த ஓவியம் முழுவதையும் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிவிடுவது பொருந்தாது. யாக்கொப் வான் ரொய்ஸ்டால் 1670ஆம் ஆண்டையொட்டி ஹார்லெம் நகரை மணல்மேடுகளிலிருந்து நோக்கி வரைந்த ஓவியங்களில், பரந்த வானத்தின் கீழே வெளுப்பதற்காக விரிக்கப்பட்ட துணிகளும் அவ்வேலையில் ஈடுபட்ட சிறிய மனித உருவங்களும் காணப்படுகின்றன. நகரின் செல்வத்துக்குக் காரணமான துணித் தொழில் படத்தைவிட்டு நீக்கப்படவில்லை.

நீக்கம் முழுமைபெற்றது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயாம். பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு நிலவுடைமை ஒருமுகப்பட்ட அக்காலத்தில், பிரபுக்கள் தம் மாளிகைச் சாளரத்திலிருந்து பார்ப்பதற்கெனச் 'செயற்கையற்ற' பூங்காக்களை அமைப்பித்தனர். டோர்செற் பகுதியில் மில்ற்றன் பிரபு தம் மாளிகையின் பார்வைக்கு இடையூறாயிருந்த ஒரு சிற்றூரையே அகற்றி, அதன் மக்களை 1780ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட புதிய குடியிருப்பொன்றுக்கு மாற்றினார். மில்ற்றன் அபாஸ் எனப்படும் அப்புதிய ஊரே இன்று சுற்றுலாப் பயணிகள் பார்த்து மகிழும் காட்சியாயிருப்பது வரலாற்றின் முரண். 'சீனரி' என்ற சொல் நாடக மேடையின் திரைச்சீலையைக் குறித்த நிலையிலிருந்து இயற்கையழகைக் குறிக்கும் நிலைக்கு மாறியதும் அந்நூற்றாண்டிலேயே. மேடையில் திரைச்சீலை இருக்க வேண்டும்; திரைச்சீலையை இழுப்பவர் தெரியக்கூடாது.

றேமன்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட 'நாட்டுப்புறமும் நகரமும்' பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். உழைக்கும் நிலம் அங்கு உழைப்பவருக்கு நிலக்காட்சியாகத் தோன்றுவது அரிது. விலகி நிற்பதும் நோக்குவதும் அக்கருத்தின் முன்நிபந்தனைகள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

ஆங்கிலேயர் இத்தீவுக்கு வந்தபோது இப்பார்வையும் உடன் வந்தது. சாமுவேல் டானியல் என்னும் ஓவியர் 1808இல் இலண்டனில் வெளியிட்ட ஓவியத் தொகுதியின் தலைப்பு, இலங்கைத் தீவின் சீனரியையும் விலங்குகளையும் சுதேச குடிகளையும் ஒரே வரிசையில் அடுக்குகிறது. இது தனி ஓவியர் ஒருவரின் மனக்கோட்டம் எனக் கருதவேண்டியதில்லை. சட்டகத்துக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளேயிருப்பவை யாவும் ஒரே தகுதியின என்ற கருத்துநிலை அத்தலைப்பில் வெளிப்படையாகிறது.

இக்கருத்துநிலை கொழும்பின் மண்ணிலும் வடிவம் பெற்றது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் நிறைவுற்ற காலிமுகத் திடலின் நடைபாதையை, கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதித் தமக்குப் பின்வருவோர் பேணவேண்டுமென அங்குள்ள கல்வெட்டு பரிந்துரைக்கிறது. இராணுவத் தேவைக்காக வெளியாக்கப்பட்டிருந்த நிலம் அந்தி வேளையில் கடலைப் பார்க்கும் இடமாயிற்று. அக்கல்வெட்டின் 'சீமாட்டிகள்' யார் என்பதைக் காலனித்துவக் கொழும்பின் வாசகருக்கு விளக்கவேண்டிய தேவை இருந்திராது. பிற்காலத்தில் அத்திடல் பொதுமக்களின் உலாவிடமாகவும், 2022இல் மாபெரும் மக்கள் போராட்டக் களமாகவும் மாறியது. பார்ப்பதற்கென ஒதுக்கப்பட்ட இடம் கேட்பதற்கான இடமாக மாறியமை நம் கவனத்துக்குரியது.

4

இவ்வரலாற்றுடைய சொல்லைத்தான் நாம் 'திணை'க்கு நேராக வைத்திருக்கிறோம். இங்கேதான் தமிழ் விமரிசனத்துக்குரிய சிக்கல் எழுகிறது.

ஈழம் தந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் சங்க இலக்கியம் பற்றிய தமது ஆங்கில ஆய்வை 1950களின் தொடக்கத்தில் நூலாக்கியபோது, 'பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை' என்ற பொருள்படத் தலைப்பிட்டார். அதே ஆய்வு 1966இல் மறுபடியும் வெளிவந்தபோது 'லாண்ட்ஸ்கேப்பும் கவிதையும்' எனத் தலைப்பு மாறிற்று. அடுத்த ஆண்டில், 1967இல், ஏ. கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களின் மொழிபெயர்ப்புக்கு 'அக லாண்ட்ஸ்கேப்' எனப் பெயரிட்டார். அன்றுமுதல் உலகப் பல்கலைக்கழகங்களில் திணை என்றால் லாண்ட்ஸ்கேப் என்பது ஏறத்தாழ முடிந்த முடிபாயிற்று.

இவ்விருவரின் பணியைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. கிரேக்க, இலத்தீன், வடமொழி இலக்கியங்களோடு தமிழை ஒப்பிட்டு அதன் தனித்தன்மையை உலகுக்கு உணர்த்த அடிகளுக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. அப்பாலமாக இச்சொல் பயன்பட்டது. எனினும் பாலத்தைக் கடந்தபோது எது கரையில் விடப்பட்டது என்பதைக் கேட்பது நமது கடமை.

தொல்காப்பிய உரையாசிரியர்கள் திணை என்பதற்கு ஒழுக்கம் என்றே பொருள் கொண்டனர். உயர்திணை, அஃறிணை என்னும் இலக்கண வழக்கிலும் அச்சொல் இடத்தைக் குறிப்பதில்லை, பகுப்பையே குறிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, பண், தொழில் ஆகியவை கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருளே திணையை உறுதிப்படுத்துவது. இவற்றுள் 'தொழில்' இடம்பெறுவதை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. தினைப்புனங் காத்தலும், ஆனிரை மேய்த்தலும், மீன் உணக்கலும், உப்பு விளைத்தலும் திணையின் உள்ளே நிகழ்கின்றன. நெய்தல் பாடும் தலைவி கடலுக்கு வெளியே நின்று கடலைப் பார்ப்பவளாகக் காட்டப்படுவது அரிது. உணங்கும் மீனுக்குக் காவலிருப்பவளாகவே அவள் பெரும்பாலும் கடலைப் பார்க்கிறாள்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய ஆங்கிலக் கட்டுரை இவ்விடத்தில் ஒரு திருப்புமுனை. திணைப் பாகுபாட்டை ஆதித் தென்னிந்தியச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வான பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து நோக்கியதன் மூலம், அவர் அதனை மீண்டும் உற்பத்தியின் தளத்திலே நிறுத்தினார். 'இயற்கை', 'லாண்ட்ஸ்கேப்', 'வாழ்க்கை முறைமை' என்ற இம்மூன்று மொழிபெயர்ப்புகளும் ஒரே சொல்லைப் பற்றிய மூன்று சமூக நோக்குகள் எனலாம்.

மறுபுறத்தே, நமது மரபில் பார்வை முற்றிலும் களங்கமற்றிருந்தது எனக் கூறிப் பெருமைகொள்வதும் அறிவியல் நோக்காகாது. சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையைக் காண்க. சேரன் செங்குட்டுவன் அரசியுடனும் பரிவாரத்துடனும் மலையைப் பார்க்கச் செல்கிறான். பேரியாற்று மணற்கரையில் தங்குகிறான். அவன் காணச் சென்றது மலையின் 'வளம்'. அதற்கேற்ப மலைவாழ் மக்கள் தம் மலையின் விளைபொருள்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அவன் திருமுன் வைக்கின்றனர். ஆள்வோனின் பார்வைக்கு மலை, திறையாகத் தெரிகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் காதை அங்கு முடியவில்லை. தாம் கண்ட ஒரு பெண்ணைப் பற்றி அம்மலை மக்கள் அரசனிடம் கூறுகின்றனர். அதன் பின்னரே கதை நகர்கிறது. காட்சியினுள் இருப்போர் வாய் திறந்து பேசுகின்றனர். பார்க்க வந்தவன் கேட்கவேண்டியவனாகிறான். டானியலின் 1808ஆம் ஆண்டுத் தலைப்பில் விலங்குகளுக்கு அடுத்ததாக நிறுத்தப்பட்ட சுதேச குடிகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை. 'காட்சி' என்ற நமது சொல்லுக்கும் 'சீனரி'க்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். 1877இல் கரையோரப் புகையிரதப் பாதை மொறட்டுவை வரை திறக்கப்பட்டபோது, கொழும்பின் தெற்குப் பகுதியில் கடலுக்கும் ஊருக்குமிடையே தண்டவாளம் நிலையாகக் குடியேறிற்று. காலி வீதியின் கடற்பக்கம், தரைப்பக்கம் என்ற பாகுபாடு காணிவிலையின் பாகுபாடாகவும் வளர்ந்தது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் நிலைபெற்றிருக்கும் இப்பகுதி, அரச உத்தியோகத்தை நாடி வந்த வடபுலத்து மத்தியதர வர்க்கத்தினரின் குடியிருப்பாக உருவானது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோரும், வெளிநாடு சென்ற பிள்ளைகளின் பணத்தில் வீடு வாங்கிய பெற்றோரும் சேர, தனி வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றின் விற்பனை மொழியில் 'சீ வியூ' என்பது சதுர அடியோடு சேர்த்து விலை பேசப்படும் ஒரு பண்டமாயிற்று.

பண்டம் என நாம் கூறுவது உருவகமன்று. கடலைக் காணும் சாளரத்துக்கு விலையுண்டு. முன்னால் இன்னொரு தொடர்மாடி எழுந்தால் அவ்விலை குன்றும். காட்சியை வாங்கியவர் அதன் எதிரே பிறர் கட்டுவதைத் தடுக்கும் உரிமையை வாங்கியவராகார். ஆகவே அவர் மேலும் மேலே செல்லவேண்டியவராகிறார். காட்சி உயரத்தின் போட்டியாகிறது. உயரம் மூலதனத்தின் அளவுகோலாகிறது. அச்சாளரத்தின் சட்டகத்தினுள் தண்டவாளத்தையொட்டிய பலகை வீடுகளும், கரையில் வலை உலர்த்துவோரும் அடங்குவதில்லை. அடங்கினால் அது 'வியூ'வுக்குக் குறைவாகக் கணிக்கப்படும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின்னர் மேற்கு, தெற்குக் கரைகளில் 100 மீற்றர் வரை குடியிருப்புத் தடைவலயம் அறிவிக்கப்பட்டபோது, கடலோடு வாழ்ந்தவருக்குக் கடல் ஆபத்தாகவும், கடலைப் பார்ப்பவருக்கு அது தொடர்ந்து அழகாகவும் வரையறுக்கப்பட்டமையை நாம் மறந்துவிடலாகாது.

தரைப்பக்கத்திலும் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோரில் அவரும் ஒருவர். அவ்வாலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி எனப்படும் உயர்ந்த தொடர்மாடித் தொகுதி நிற்கிறது. ரொய்ஸ்டாலின் ஓவியத்திலாவது துணி வெளுப்போருக்கு ஒரு மூலை கிடைத்தது. வெள்ளவத்தையின் புதிய நிலக்காட்சியில் நெசவாளருக்கு அதுவும் இல்லை.

காட்சியை வாங்கும் வெள்ளவத்தைத் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் நிலையும் முரண்பாடுடையது. 1958இலும் 1983 ஜூலையிலும் தாக்குதலுக்குள்ளான கொழும்புத் தமிழர் துறைமுகத்திலிருந்து கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு அன்று கடல், தப்பிச் செல்லும் வழி. அதே சமூகத்தின் அடுத்த தலைமுறை கடலைக் காட்சியாக வாங்குகிறது. இதனை வெறும் ஆடம்பரம் என எள்ளிவிடுவது மேலோட்டமான தீர்ப்பாகும். நிற்க இடமில்லாதிருந்தவர், நின்று பார்க்கும் உரிமையை உறுதிப் பத்திரத்தோடு பெற விழைவது விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆயின் அவ்வுரிமை பணமுடையோருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்றாக அமைவதே நாம் சுட்டும் சிக்கல்.

6

கொட்டாஞ்சேனை இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் நெருங்கி வாழும் பகுதி இது. மேடும் பள்ளமுமான இந்நிலத்தில் 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபையையொட்டி 'விவேகானந்த மேடு' எனத் தமிழ் வழக்கில் ஒரு பெயர் உண்டு. ஒல்லாந்தர் அண்டையில் கண்ட 'பூக்களின் பள்ளத்தாக்கு' என்னவாயிற்று? புளூமெண்டால், 2009 வரை பல ஆண்டுகளாகக் கொழும்பு நகரின் குப்பை கொட்டும் இடமாயிருந்தது. பள்ளத்தாக்கு குப்பை மலையாயிற்று. பின்னர் குப்பை மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. 2017 ஏப்ரில் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

குப்பை மலையை எந்தச் சுற்றுலாப் பிரசுரமும் லாண்ட்ஸ்கேப் என அழைக்காது. ஆயினும் நகரின் ஏனைய பகுதிகள் காட்சிக்கினியனவாய் இருப்பதற்கு அம்மலையே விலை. லாண்ட்ஸ்கேப் என்ற சொல்லால் இவ்வுறவைச் சொல்ல இயலாது. திணைக் கோட்பாட்டில் இதற்கொரு வாய்ப்பு உண்டு. பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. பாலை, ஆக்கப்படும் நிலம். புளூமெண்டால் ஆக்கப்பட்ட பாலை எனக் கூறும்போது, ஆக்கியவர் யார் என்ற வினா உடன் எழுகிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

இப்பிரிவு இலக்கிய வழக்கோடு நின்றுவிடவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் தங்குவிடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர், கொழும்பில் தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லாதோர் எனக் கூறப்பட்டுப் பொலிஸாரால் வெளியேற்றப்பட்டு, பேருந்துகளில் வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தை இடைநிறுத்தியது. காணியும் வீடும் இல்லாத அம்மக்கள் கோரியது நகரில் ஓர் அறையில் தங்கும் உரிமை மட்டுமே. ஒரு நகரில் நிற்பதற்கே 'காரணம்' காட்டவேண்டிய ஒருவருக்கு, அந்நகரின் காட்சியைப் பற்றிய சொற்கள் யாவும் பிறருடைய சொற்களே.

போர் முடிந்தபின் 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. 'அழகுபடுத்தல்' அரச கொள்கையாயிற்று. தோட்டங்களிலும் பலகை வீடுகளிலும் வாழ்ந்த மக்கள் உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்கும் இப்போது 'வியூ' உண்டு. ஆனால் வாசலில் வைத்து நடத்திய கடைக்கும், அயலாரோடு பங்கிட்ட முற்றத்துக்கும் பத்தாம் மாடியில் இடமில்லை. மில்ற்றன் பிரபுவின் கதை இரு நூற்றாண்டுகளின் பின்னர் வேறொரு தீவில் மீண்டது எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு: பார்வைக்காக அகற்றப்பட்டோர் இங்கே பார்க்குமிடத்தில் ஏற்றிவைக்கப்பட்டனர். 2014இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டத்தில் 269 ஹெக்டேயர் கடல் நிரப்பப்பட்டு, காலிமுகத் திடலின் அடிவானமே மாற்றப்பட்டது. அதற்கெனக் கடலடி மணல் அகழப்படுவதை எதிர்த்து நீர்கொழும்பு மீனவர் போராடியபோது, அவர்கள் பேசியது காட்சியைப் பற்றியன்று, மீன்பாட்டைப் பற்றி. மீனவர் கடலிலிருந்து கரையைப் பார்ப்பவர். கரையின் மேடும் கோபுரமும் அவருக்குத் திசையறியும் கருவிகள். அப்பார்வையைக் குறிக்க 'சீ வியூ'வில் இடமில்லை.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சொல்வழக்குப் பற்றிச் சில முடிவுகளுக்கு நாம் வரலாம்.

முதலாவதாக, லாண்ட்ஸ்கேப் என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவது பயனற்றது. ஓவியத்துக்கு 'நிலக்காட்சி' பொருந்தும். சட்டகம் அங்கே வெளிப்படையாகவே உள்ளது. புவியியலுக்கு 'நிலத்தோற்றம்' போதுமானது. 'அரசியல் நிலப்பரப்பு' போன்ற வழக்குகளைக் கைவிட்டு, 'அரசியற் களம்', 'அரசியல் நிலைமை' என எழுதலாம். போராடுவோர் உள்ளே இருக்கும் ஒன்றைக் குறிக்கக் 'களம்' என்ற சொல்லே தகும்.

இரண்டாவதாக, திணையை ஆங்கிலத்தில் விளக்கும்போது லாண்ட்ஸ்கேப் என்பதை விளக்கமின்றி வைப்பது தவிர்க்கப்படவேண்டும். திணை என்ற சொல்லையே வைத்து, அதனுள் தொழிலும் ஒழுக்கமும் அடங்கும் எனக் கூறுவதே முறை. நமது மாணவர் பலர் இன்று ஆங்கில நூல்களின் வழியாகவே சங்க இலக்கியத்தை அணுகுகின்றனர். லாண்ட்ஸ்கேப் என்று கற்று, அதனை 'இயற்கைக்காட்சி' எனத் தமிழுக்கு மீண்டும் மொழிபெயர்க்கும் அவர்கள், குறிஞ்சியையும் நெய்தலையும் நாட்காட்டிப் படங்களாக விளங்கிக்கொள்ளும் அபாயம் மெய்யானது. இரு முறை மொழிபெயர்க்கப்பட்ட திணையில் தினைப்புனங் காத்தவளும் உப்பு விற்றவனும் எஞ்சுவதில்லை.

மூன்றாவதாக, வருணனையை மதிப்பிடும் நமது விமரிசன அளவுகோல் மாறவேண்டும். ஈழத்துப் புனைகதைகளில் 'மண்வாசனை' பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். கடலும் வயலும் பனையும் எவ்வளவு அழகாகக் கூறப்பட்டுள்ளன என வியப்பதோடு அப்பேச்சு பெரும்பாலும் முடிவுறுகிறது. அவ்வழகைக் காண்பவர் எங்கே நிற்கிறார், எந்த உரிமையில் நிற்கிறார், காட்சியினுள் உழைப்போர் வாய்திறந்து பேசுகின்றனரா என்னும் வினாக்கள் வருணனை பற்றிய மதிப்பீட்டின் பகுதியாகவேண்டும். கொழும்பைப் பற்றி எழுதப்படும் தமிழ்ப் படைப்புகளுக்கு இவ்வளவுகோல் மேலும் இன்றியமையாதது. ஏனெனில் இந்நகரில் தமிழர் ஒரே வேளையில் காட்சியை வாங்குவோராகவும் காட்சியிலிருந்து அகற்றப்படுவோராகவும் இருக்கின்றனர்.

அழகுணர்ச்சியை மறுப்பது இவ்வாதத்தின் விளைவு எனக் கொள்ளவேண்டியதில்லை. வேலை முடித்துக் கடற்கரைக்கு வரும் கொட்டாஞ்சேனைச் சுமைதொழிலாளிக்கும் அந்திவானம் அழகியதே. அவ்வழகை அவரிடமிருந்து பறித்துச் சதுர அடிக்கு விற்கும் ஏற்பாட்டையே நாம் மறுக்கிறோம். சேனை என்றும் தோட்டம் என்றும் பெயரிட்ட மக்கள், நிலத்தைப் பார்ப்பதற்கு முன் அதில் உழைத்தனர். அவ்வுழைப்பை மீண்டும் சட்டகத்துக்குள் கொண்டுவரும் சொற்களை ஆக்குவதும், ஆக்கிய சொற்களை வழக்கில் நிலைநிறுத்துவதும் தமிழாய்வாளர் முன்னுள்ள பணிகளாகும்.